வீட்டுப் பட்டறையில் தண்ணீர் ராக்கெட்: கேள்வி பதில்

தண்ணீரும் காற்றழுத்தமும் கொண்டு பறக்கும் ராக்கெட்டை வீட்டிலேயே செய்வது குறித்து உங்கள் கேள்விகளைக் கேட்டிருந்தேன். வந்தவற்றில் பல வெடிமருந்து பற்றியவை. அவற்றுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உரிமம் இல்லாமல் வெடிமருந்து தயாரிப்பது 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியம், இடிக்கும்போதும் கலக்கும்போதும்தான் அது விரல்களைப் பறிக்கிறது. அந்தக் கேள்விகளுக்கு இங்கே பதில் கிடையாது.

கோபிசெட்டிபாளையம், பள்ளி ஆசிரியை: மாணவர்களோடு செய்யப் போகிறேன். எதிலிருந்து தொடங்குவது?

பாட்டிலிலிருந்து தொடங்குங்கள் அம்மணி. சோடா, கோலா வகைகள் வரும் 2 லிட்டர் பாட்டில் மட்டும்தான் வேண்டும். குடிநீர் பாட்டில் அழுத்தம் தாங்காது. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் போதும். மீதி இடம் காற்றுக்கு. வேலை செய்வது அதுதான். தண்ணீர் வெளியேறும் எடையாக இருந்து பாட்டிலை மேலே தள்ளுகிறது. அரை அங்குல பிவிசி குழாய் பாட்டில் கழுத்துக்குள் அளவாக ஏறும். ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம் ஒன்று போட்டால் காற்று கசியாது. அளவுமானி உள்ள சைக்கிள் பம்பில் 4 பார் (அழுத்தத்தின் அலகு) வரை ஏற்றலாம், அதற்கு மேல் வேண்டாம். அந்த அழுத்தத்தில் கிளம்பும் கணத்தில் உந்துவிசை ஏறக்குறைய 30 கிலோ எடைக்குச் சமம். எனவே பிள்ளைகள் தள்ளி நிற்க, நீளமான கயிற்றை இழுத்து விடுவியுங்கள்.

புதுப் பாட்டிலை முதலில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிச் சோதியுங்கள். தண்ணீர் அமுங்காது என்பதால், உடைந்தாலும் பெரிதாகச் சிதறாது. இறக்கைகளைச் சூடான பசைக் குச்சியால் ஒட்டாதீர்கள். அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் இளகிப் பலவீனமாகிவிடும். உப்புத்தாளால் தேய்ப்பதும் கூடாது.

அவிநாசி: பட்டாசைப் பிரித்து அந்த மருந்தைப் போட்டால்?

கூடாது.

பெருந்துறை, பாலிடெக்னிக் மாணவர்: பத்து மீட்டர் ஏறியதும் குட்டிக்கரணம் அடிக்கிறது. இறக்கைகள் பெரியவைதான். காரணம் என்ன?

நல்ல கேள்வி தம்பி. ராக்கெட்டுக்கு இரண்டு புள்ளிகள் முக்கியம். ஒன்று எடை மையம். கத்தி முனையில் வைத்தால் சமநிலையில் நிற்கும் இடம். மற்றொன்று காற்று மையம். பக்கவாட்டில் அடிக்கும் காற்று மொத்தமாகத் தள்ளும் இடம். எடை மையம் எப்போதும் மூக்குப் பக்கம் இருக்க வேண்டும், இரண்டுக்கும் இடையே குறைந்தது ஒரு பாட்டில் விட்டம், அதாவது சுமார் 11 செ.மீ. இருக்க வேண்டும். காற்று மையத்தை அறிய, ராக்கெட்டின் பக்கத் தோற்றத்தை அட்டையில் வெட்டி ஸ்கேல் விளிம்பில் நிறுத்துங்கள். அட்டை நிற்கும் புள்ளியை வைத்துக் கணக்குப் போட்டால் ஆபத்தில்லாத பக்கமாகவே இருக்கும்.

பிறகு, தண்ணீர் இல்லாமல், பாராசூட்டை மடித்து வைத்த நிலையில், எடை மையத்தில் இரண்டு மீட்டர் கயிறு கட்டித் தலைக்கு மேல் சுழற்றுங்கள். தண்ணீர் ஒரு நொடிக்குள் தீர்ந்துவிடும், மீதிப் பயணம் முழுக்க வெறும் பாட்டில்தான். அதனால்தான் காலியாக வைத்துச் சோதிக்கிறோம். மூக்கு முன்னே போனால் சரி. வால் முன்னே வந்தாலோ புரண்டாலோ, மூக்குக்குள் ஐம்பது கிராம் களிமண் வைத்து மறுபடி சுழற்றுங்கள். பலர் இறக்கையைத்தான் பெரிதாக்குகிறார்கள். இறக்கையின் எடையும் வாலில் சேர்வதால் எடை மையம் பின்னே நகர்கிறது. உங்களுக்கு நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான்.

உடுமலை: காற்றோடு போக வேண்டிய ராக்கெட் காற்றை எதிர்த்து மேற்கே சாய்கிறது. ஏன்?

பக்கக் காற்று வால் இறக்கைகளைத் தள்ளும்போது மூக்கு காற்று வரும் திசைக்குத் திரும்பிவிடுகிறது. மெதுவாகக் கிளம்பினால் இன்னும் அதிகமாகத் திரும்பும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்றில் உங்கள் ஊர்க் காற்றாலைகள் சுழலும் நாளில் ராக்கெட்டை எடுக்கவே வேண்டாம். மார்கழி, தை மாதங்களின் காலை நேரம் நல்லது.

சூலூர்: எங்கள் மைதானத்தில் விடலாமா?

வேண்டாம். பக்கத்தில் விமானப்படைத் தளம் இருக்கிறது. விமான நிலையம் இருக்கும் பீளமேட்டுக்காரர்களுக்கும் இதே பதில்.

கோவை கணபதி பகுதி, லேத் பட்டறை உரிமையாளர்: 2 மி.மீ. இரும்பில் உருளை செய்தால் 20 பார் தாங்குமே, பாட்டில் எதற்கு? திப்பு சுல்தான் படையின் ராக்கெட் இரும்புக் குழாய்தானே? அன்று கோவையும் மைசூரின் கீழ்தானே இருந்தது?

வரலாறு சரிதான் ஐயா. 1780இல் பொள்ளிலூர்ப் போரில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைத் திணறடித்தவை அந்த இரும்புக் குழாய் ராக்கெட்டுகள். இரும்பு அதிக அழுத்தம் தாங்கியதால் தொலைவு கூடியது. ஆனால் அவை ஆட்களைத் தாக்குவதற்கென்றே செய்யப்பட்டவை. கணக்கைப் பாருங்கள்: பாட்டிலின் எடை சுமார் 50 கிராம், அதே கொள்ளளவுள்ள உங்கள் உருளை சுமார் ஒன்றரை கிலோ. ஐம்பது மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் இறங்கும். கீழே யார் நிற்கிறார்கள்?

அவரே: அலுமினியமாக இருந்தால்?

எடை குறையும், ஆபத்து குறையாது. வெல்டிங் வைத்த இடம் பிளந்தால் உலோகத் துண்டுகள் பறக்கும். உலகெங்கும் மாதிரி ராக்கெட் செய்பவர்கள் உடலுக்கும் இறக்கைக்கும் உலோகத்தை ஒதுக்குவது இதனால்தான்.

தாராபுரம்: நான் லேத்துக்காரர் பக்கம். இறக்கையே இல்லாத திப்புவின் ராக்கெட் எப்படி நேராகப் போனது?

நீண்ட மூங்கில் கழியைக் கட்டியிருந்தார்கள். கழி பின்னே நீள்வதால் காற்று மையம் வெகுவாகப் பின்னுக்குப் போகிறது. தீபாவளி ராக்கெட்டின் குச்சிக்கும் அதே வேலைதான். பெருந்துறைத் தம்பிக்குச் சொன்ன விதியில் எந்த மாற்றமும் இல்லை.

கணபதி ஐயா, உங்கள் கைவேலை ஏவுதளத்துக்கு வேண்டும். ஓ-ரிங் அமரும் பள்ளத்தைப் பித்தளையில் துல்லியமாகக் கடைந்து, கயிற்றை இழுத்தால் கழுத்தை விடும் ஒரு கொக்கியும் செய்து கொடுங்கள். கோபி ஆசிரியைக்கு இன்றைக்கே அது தேவை.

ஈரோடு: தீக்குச்சித் தலைகளைச் சுரண்டி...

மேலே சொல்லிவிட்டேன். பிள்ளைகளும் படிக்கிறார்கள், தயவுசெய்து இதை மறுபடி கேட்காதீர்கள்.

பொள்ளாச்சி: தென்னந்தோப்பில் விடலாமா?

மட்டையில் சிக்கினால் மரமேறிதான் எடுத்துத் தர வேண்டும். கடலை பிடுங்கிய காடு பாருங்கள். காங்கேயம் பக்கம் உறவினர் இருந்தால் கொறங்காடு எனும் மேய்ச்சல் நிலம் கேளுங்கள், மாடு மேயாத நேரமாக.

திருப்பூர்: பனியன் துணியில் பாராசூட் தைக்கலாமா?

பின்னல் துணி இழுபடும், கண்ணிகள் வழியே காற்றும் போய்விடும், எடையும் அதிகம். பழைய குடைத் துணியை எடுங்கள். விட்டம் எழுபது, எண்பது செ.மீ., எட்டு நூல்கள், நடுவில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய துளை. துளை இல்லாவிட்டால் காற்று விளிம்பு வழியே வெளியேறப் பார்க்கும், பாராசூட் இருபுறமும் ஆடிக்கொண்டே இறங்கும். நூல் முடிச்சுகளில் ஒரு சொட்டு பசை வைத்துவிடுங்கள்.