சிப்பிக் காளானுக்கு என்ன சத்து தெளிக்கலாம்?

மதுரையில் வீட்டு அறை ஒன்றில் சிப்பிக் காளான் போட்டிருப்பதாகவும், தண்டு நீண்டு குடை சிறுத்து வருவதால் யூரியா கரைசல் தெளிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து தெளிக்காதீர்கள். உங்கள் காளானுக்குக் காற்று போதவில்லை, அவ்வளவுதான்.

காளானில் பச்சையம் கிடையாது. வைக்கோலில் உள்ள நார்ப்பொருள்களான செல்லுலோஸையும் லிக்னினையும் சிதைத்துத்தான் அது வளர்கிறது. அதாவது, வைக்கோலையும் காளான் வித்தையும் பையில் அடைத்துக் கட்டுகிற அன்றே அதன் சாப்பாடு முழுவதும் உள்ளே போய்விடுகிறது. அதற்குப் பிறகு மேலே தெளிக்கும் உரம் பாக்டீரியாவுக்கும் பூசணத்துக்கும்தான் தீனி.

அதனால் நான் அதிகம் மெனக்கெடுவது வைக்கோலில்தான். மழையில் நனையாத, பொன்னிறமான புது வைக்கோல் வேண்டும். 5 செ.மீ. துண்டுகளாக வெட்டி, 4, 5 மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவைத்து, சுத்தமான இடத்தில் நிழலில் உலர்த்துங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் உள்ளங்கை ஈரமாக வேண்டும், சொட்டு விழக்கூடாது. சுமார் 65 சதவீத ஈரம் என்பது இந்தப் பதம்தான். ஈரம் கூடினால் பையின் அடியில் தண்ணீர் தேங்கிப் புளித்த வாடை வரும், வித்திலிருந்து வளரும் வெள்ளை இழை அங்கே பரவாது. கோதுமைத் தவிடு சேர்த்தால் தழைச்சத்து கூடும், மகசூலும் கூடும். ஆனால் வெறுமனே வேகவைத்த வைக்கோலில் தவிடு கலந்தால் பச்சைப் பூசணம் சீக்கிரம் பிடித்துவிடும். புதிதாகச் செய்பவர்களுக்கு அது வேண்டாம் என்பேன்.

சரி, இப்போது உங்கள் தண்டு விஷயம். வித்து பரவும் 15, 20 நாளும் இருட்டும் அடைசலும் பரவாயில்லை. மொட்டு வரத் தொடங்கியதும் நிலைமை மாறிவிடுகிறது. மூடிய அறையில் கரியமில வாயு சேர்ந்தால் தண்டு மட்டும் நீளும், குடை விரியாது. காலையும் மாலையும் ஜன்னலைத் திறந்து வையுங்கள். செய்தித்தாள் படிக்கிற அளவு வெளிச்சமும் வேண்டும். காற்று வந்தால் அறை காயும் என்பதால் ஜன்னலில் நனைத்த சாக்கைத் தொங்கவிடுங்கள், தரையிலும் தண்ணீர் தெளியுங்கள். ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. குடையின் மேல் மட்டும் தண்ணீர் தேங்க விடாதீர்கள், மஞ்சளடித்து அழுகும்.

இன்னொன்று. சிப்பிக் காளானுக்கு 20 முதல் 28 டிகிரி வரைதான் சுகம். சித்திரை வெயிலில் மதுரையில் அதோடு போராடாமல் பால் காளானுக்கு மாறிவிடுங்கள். 30, 35 டிகிரியிலும் நன்றாக வரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அருப்புக்கோட்டையிலிருந்து கொடுத்த ஏ.பி.கே. 2 என்ற பால் காளான் ரகமே இருக்கிறது. அதற்குப் படுக்கையின், அதாவது வித்து பரவிய வைக்கோல் பையின், மேல் மண் போட வேண்டும்; அந்த மண்ணையும் வேகவைத்து ஆறவிட்ட பிறகே போடுங்கள்.