பூக்காத ஜேட் செடியும் தாழ்வார விளக்கும்

(வாசகர் கேள்விகளுக்கு நம் தோட்டத்து அக்கா தரும் பதில்கள்)

கேள்வி: அக்கா, எங்கள் வீட்டு வாசலில், தடித்த சதைப்பற்றான இலைகளோடு 11 வயது ஜேட் செடி ஒன்று இருக்கிறது. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி செங்காங்குக்குக் குடிபோனபோது என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது என் இடுப்பு உயரம். இலையெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஒரு பூகூட வந்ததில்லை. மெல்பர்னில் இருக்கும் நாத்தனார், வேலி முழுக்கப் பூத்திருக்கிறது என்று படம் படமாக அனுப்புகிறார். என்ன உரம் போட்டால் பூக்கும்? (ஈசூனிலிருந்து ஒரு வாசகி)

முதலில் உரத்தைக் கீழே வையுங்கள் அம்மா. இது உரக் குறையால் வந்தது இல்லை. இலைக்கு ஊட்டம் தரும் உரத்தை அள்ளிப் போட்டால் செடி இன்னும் இலையாகத்தான் தள்ளும்.

2019-இல் மகளின் பிரசவத்துக்காக பெர்த்தில் இரண்டு மாதம் இருந்தேன். ஜூலை மாதம். வீட்டு வாசலில் தபால் பெட்டியை ஒட்டி என் தோள் உயரத்துக்கு ஒரு ஜேட் புதர். அதில் இலையைவிடப் பூதான் அதிகம். காலை ஏழரை மணிக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போய் அதன் முன்னால் நின்றுவிடுவேன். ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரு கொத்து. ஒரு பூவை மட்டும் தனியாகப் பார்த்தால் நம் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய நட்சத்திரம். ஐந்து வெள்ளை இதழ், இதழின் முதுகில் லேசாக ரோஸ் நிறம். நடுவில் ஐந்து மெல்லிய இழை, ஒவ்வொன்றின் நுனியிலும் கடுகைவிடச் சின்னதாக ஒரு பொட்டு. கிட்டப் போய் முகர்ந்தால் மெலிதாக ஒரு இனிப்பு வாசம். வெயில் ஏறியதும் தேனீ வந்துவிடும். “இதுக்கு யார் தண்ணி ஊத்துறா?” என்று மகளிடம் கேட்டேன். “யாரும் ஊத்துறதில்லம்மா, அது பாட்டுக்கு நிக்குது” என்றாள்.

இங்கே நாம் வாரம் தவறாமல் தண்ணீர் விட்டு, இலையைத் துணியால் துடைத்துப் பிள்ளை மாதிரி வளர்க்கிறோம், பூக்கவில்லை. அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, கொட்டிக் கிடக்கிறது. ஊர் திரும்பியதும் இதைத்தான் தேடித் தேடிப் படித்தேன்.

ஜேட் செடியின் சொந்த ஊர் தென்னாப்பிரிக்கா. கிழக்கு கேப், குவாசுலு-நட்டால் பக்கத்துப் பாறைச் சரிவுகளில் தானாக வளர்வது. அந்தப் பக்கம் குளிர்காலம் வந்தால் பகல் சுருங்கும், இரவு நீளும், இரவில் நன்றாகக் குளிரும். செடி அதை வைத்துத்தான் பூக்கும் காலம் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்கிறது. பெர்த்தில் ஜூலை மாதப் பகல் சுமார் 10 மணி நேரம்தான், இரவில் 8 டிகிரிவரை இறங்குகிறது. மெல்பர்னிலும் அதே கதைதான். நம் சிங்கப்பூரோ நிலநடுக்கோட்டுக்கு ஒரு டிகிரி சொச்சம் வடக்கே இருக்கிறது. வருடத்தின் மிக நீளமான பகலுக்கும் மிகக் குட்டையான பகலுக்கும் இங்கே வித்தியாசம் 9 நிமிடம்தான். இரவு வெப்பம் பெரும்பாலும் 24, 25. டிசம்பர், ஜனவரி அடைமழையில் எப்போதாவது 22 தொடும், அதுவும் ஓரிரு நாள்தான். பாவம், குளிர்காலம் வந்ததே செடிக்குத் தெரியாது.

இன்னொரு விஷயம் இருக்கிறது, அதைப் பலரும் கவனிப்பதில்லை. உங்கள் செடிக்கு நேர் மேலே தாழ்வார விளக்கு இருக்கிறதா என்று இன்று ராத்திரி பாருங்கள். எங்கள் புளோக்கில் மாலை ஏழு மணிக்கு எரிய ஆரம்பித்தால் காலை ஏழு மணிக்குத்தான் அணையும். நீண்ட இருட்டை எதிர்பார்க்கும் செடிக்கு இருட்டே கிடைப்பதில்லை.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு நானே செய்து பார்த்தேன். முழங்கால் உயரத்தில் ஒரு ஜேட் இருந்தது. ஸ்டாண்டு ஃபேன் வந்த அட்டைப்பெட்டியின் அடியை வெட்டி எடுத்துவிட்டு, அக்டோபர் முதல் பத்து வாரம் தினமும் மாலை ஆறு மணிக்குக் கவிழ்த்து, காலை எட்டு மணிக்கு எடுத்தேன். 14 மணி நேர இருட்டு. தண்ணீரையும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று குறைத்தேன். 2021-இல் ஒரு தடவை, 2022-இல் ஒரு தடவை. இரண்டு வருடமும் மொட்டு வரவில்லை. இருட்டைக் கொடுக்க என்னால் முடிந்தது, குளிரைக் கொடுக்க முடியவில்லை. அதனால்தான் சொல்கிறேன், 11 வருடம் ஆகியும் உங்கள் செடி பூக்காததற்கு உங்கள் கைராசி காரணமில்லை. நாத்தனாரிடமும் இதைச் சொல்லுங்கள். ஏர்கான் அறையில் வைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். நாம் தூங்கும் 24, 25 டிகிரி அதற்குப் போதாது. இடுப்பு உயரச் செடியைத் தினமும் உள்ளே தூக்கி வெளியே வைப்பது உங்கள் முதுகுக்கும் ஆகாது.

சரி, அப்படியும் முயற்சி செய்து பார்க்க ஆசை என்றால் மூன்று காரியம் செய்யுங்கள். ஒன்றும் நஷ்டமில்லை, செடி இன்னும் அழகாகத்தான் ஆகும்.

வெயில்தான் முதலில். நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள் பலவற்றுக்கு வடக்கும் தெற்கும்தான் முகம். ஏப்ரலிலிருந்து செப்டம்பர்வரை சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்து போகும், அக்டோபரிலிருந்து மார்ச்வரை தெற்குப் பக்கம். தாழ்வாரம் வடக்கே பார்த்திருந்தால், வருடக் கடைசியில் செடிக்கு நேர் வெயிலே கிடைக்காது. அப்போது முடிந்தால் தெற்கு ஜன்னல் பக்கம் மாற்றுங்கள், உள்பக்கமாக, தவறிக்கூடக் கீழே விழாத இடத்தில். ஒரேயடியாகக் கொளுத்தும் வெயிலில் வைத்தால் இலை கருகும், பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். இலை விளிம்பில் மெல்லிசாகச் சிவப்புக் கோடு ஓடினால் வெயில் போதுமான அளவு கிடைக்கிறது என்று அர்த்தம். என் அட்டைப்பெட்டிச் செடிக்கு அந்தச் சிவப்பு வந்தது, எனக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

அடுத்தது, வருடக் கடைசியில் தண்ணீரைக் குறைப்பது. நமக்கு அப்போதுதான் சாரல் தாழ்வாரத்துக்குள் அடிக்கும், அதனால் செடியைச் சுவரோரம் தள்ளி வையுங்கள்.

மூன்றாவது கத்தரி. சீனப் புத்தாண்டுக்கு முன்னால் உருண்டையாக இருக்கட்டும் என்று எல்லா நுனியையும் வெட்டி விடுகிறோம் இல்லையா? பூ வருவதே கிளை நுனியில்தான். வெட்டுவதானால் பிப்ரவரிக்குப் பிறகு வெட்டுங்கள்.

வாசலில் பூ பார்த்தே ஆகவேண்டும் என்றால் பக்கத்தில் ஒரு ஆடினியம் வையுங்கள். சீனர்கள் அதைச் செல்வப் பூ என்று பொருள்படும் பெயரில் கூப்பிடுவார்கள். நம் வெயிலில் அது கொத்துக் கொத்தாகப் பூக்கும். இல்லையென்றால் ஜேட் குடும்பத்திலேயே உள்ள கலாஞ்சோ. அதற்கு நீண்ட இருட்டு கிடைத்தால் போதும், குளிருக்காகக் காத்திருக்காது. பூ உதிர்ந்த பழைய கலாஞ்சோவைத் தூக்கிப் போடாமல் இதே பெட்டி வைத்தியத்தை ஆறு வாரம் செய்யுங்கள். அப்புறம் இரண்டு மாதம் பொறுத்திருந்தால் மொட்டு விடும்.

ஒன்று சொல்ல மறந்தேன். இடுப்பு உயரம் என்கிறீர்கள். தாழ்வாரத்தில் ஆள் நடக்க 1.2 மீட்டர் வழி இருக்கவேண்டும் என்பது தீ பாதுகாப்பு விதி. டேப் எடுத்து ஒருமுறை அளந்துவிடுங்கள்.

கேள்வி: சீனப் புத்தாண்டு நேரத்தில் 28 வெள்ளி கொடுத்து, சிவப்புப் பீங்கான் தொட்டியில் ஒரு ஜேட் வாங்கினேன். இரண்டு மாதம் நன்றாக இருந்தது. இப்போது தொட்டாலே இலை உதிர்கிறது, அடித்தண்டு மெத்தென்று இருக்கிறது. தண்ணீர் போதவில்லையா? (ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்)

தம்பி, தண்ணீர் அதிகமாகிவிட்டது. இலை சுருங்கி, தண்டு கெட்டியாக இருந்தால் தாகம். இலை உதிர்ந்து, தண்டு மெத்தென்று அமுங்கினால் வேர் அழுகல். உங்களுடையது இரண்டாவது.

இன்றைக்கே செடியை வெளியே எடுத்து அந்தப் பீங்கான் தொட்டியின் அடியைப் பாருங்கள், ஓட்டை இருக்காது என்றுதான் நினைக்கிறேன். 2014-இல் எனக்கும் இதே மாதிரி ஒரு தொட்டி பரிசாக வந்தது. அதன் அழகில் மயங்கி அப்படியே வைத்திருந்தேன், மூன்றாவது மாதம் செடி பொதபொதவென்று சாய்ந்தது. அன்றைக்கு எவ்வளவு வருத்தப்பட்டேன் என்று இன்றும் நினைவிருக்கிறது. அப்போது மேல் கிளையை வெட்டிக் காப்பாற்றலாம் என்று எனக்குச் சொல்ல ஆளில்லை. உங்களுக்கு நான் சொல்கிறேன்.

நல்ல கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து, கெட்டியாக இருக்கும் இடத்தில் கிளையை வெட்டுங்கள். வெட்டிய முகத்தைப் பாருங்கள். பழுப்பு வளையமோ பழுப்புப் புள்ளியோ தெரிந்தால் இன்னும் ஒரு அங்குலம் மேலே வெட்டுங்கள். வெள்ளரிக்காய் வெட்டினமாதிரி சுத்தமான வெளிர்பச்சை வரும்வரை விடாதீர்கள். பிறகு அதைத் தண்ணீரில் போடாமல், மண்ணிலும் வைக்காமல் நிழலில் ஒரு தட்டில் ஏழு நாள் காயவையுங்கள். நம் ஊர் ஈரத்துக்குப் பத்து நாள்கூட ஆகலாம். வெட்டுவாய் காய்ந்து தோல் மூடியபின், காய்ந்த மண்ணில் இரண்டு அங்குலம் ஆழம் ஊன்றுங்கள். ஒரு வாரம் கழித்துத்தான் முதல் தண்ணீர். உதிர்ந்த இலைகளில் கெட்டியானவை இருந்தால் மண்மேல் பரப்பி விடுங்கள், சிலவற்றில் நூல்மாதிரி ரோஸ் நிற வேர் எட்டிப் பார்க்கும்.

மண் பற்றி ஒரு வார்த்தை. பாக்கெட்டில் வரும் கறுப்புக் கலவை மண்ணை மட்டும் போட்டால் நம் ஊர் ஈரத்தில் அது காயவே காயாது. அது ஒரு பங்கு என்றால், நர்சரியில் பர்ன்ட் எர்த் என்று கேட்டால் தரும் செங்கல் நிறச் சுட்ட மண் துண்டோ, பியூமிஸ் கல்லோ இரண்டு பங்கு சேருங்கள். அடியில் ஓட்டை உள்ள சாதாரண மண்தொட்டி போதும். எந்தக் கிழமை தண்ணீர் ஊற்றுவது என்று காலண்டரைப் பார்க்காதீர்கள். சாத்தே குச்சி ஒன்றை அடிவரை குத்தி, ஐந்து நிமிடம் கழித்து உருவுங்கள். குச்சி ஈரமாகவோ மண் ஒட்டியோ வந்தால் இன்னும் நாள் இருக்கிறது. காய்ந்து வந்தால், அடியில் ஒழுகும்வரை நன்றாக ஊற்றுங்கள். தட்டில் தேங்கியதை உடனே கொட்டிவிடுங்கள், ஏடிஸ் கொசுவுக்கு அந்தக் கொஞ்சம் தண்ணீரே போதும்.

இது இரவில் மூச்சு விடும் செடி. பகலில் இலைத் துளைகளை மூடிக்கொண்டு ஈரத்தைச் சேமிக்கும். ராத்திரிதான் திறந்து காற்றை உள்ளே இழுத்து, புளிப்பாக மாற்றி வைத்துக்கொள்ளும். அதனால்தான் கொஞ்சம் தண்ணீரிலேயே அதன் பிழைப்பு ஓடுகிறது. இந்தப் புளிப்பை நாக்கால் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் நம் சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன். ஜேட்டின் உறவான ரணகள்ளி இலை காலையில் புளிக்கிறது, மதியம் சுவையே இல்லை என்று எழுதினார். அது 1815-இல் அச்சில் வந்தது. ஊரில் பாட்டி வீட்டு வேலியோரம் நின்ற ரணகள்ளிதான், எனக்குப் படித்ததும் பாட்டி ஞாபகம் வந்துவிட்டது. ஜேட் இலையை யாரும் வாயில் வைத்துப் பார்க்கவேண்டாம்.

கேள்வி: சென்னையில் என் அக்கா வீட்டு மாடியில் ‘ஜேட்’ என்று ஒரு செடி இருக்கிறது. இலை பொடிப்பொடியாக, தண்டு செம்பழுப்பாக இருக்கிறது. இங்கே தாம்சன் ரோடு நர்சரியில் பார்த்ததற்கு இலை பெரிசு. இரண்டும் ஒன்றா? (தெம்பனீஸிலிருந்து ஒரு வாசகர்)

இல்லை ஐயா. அக்கா வீட்டில் இருப்பது போர்ச்சுலகேரியா. ஊர் மட்டும் அதே தென்னாப்பிரிக்கா, குடும்பம் வேறு. அங்கே யானை விரும்பித் தின்னும் செடி அது. நம் நாட்டு நர்சரிகளிலும் இரண்டையும் ஜேட் என்றே விற்பதுண்டு. போன்சாய் செய்ய ஆசை இருந்தால் பொடி இலைச் செடியை வாங்குங்கள். அடிக்கடி வெட்டினாலும் கோபித்துக்கொள்ளாமல் துளிர்க்கும்.

கேள்வி: வீவக வீட்டில் பூனை வளர்க்க 2024 செப்டம்பரில் அனுமதி வந்ததும் ஒரு பூனை எடுத்தோம். ஹாலில் இருக்கும் ஜேட் தொட்டி அதற்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மேலே ஒரு இலையில் வெள்ளைப் பஞ்சு மாதிரியும் இருக்கிறது. என்ன செய்வது? (பொங்கோலிலிருந்து ஒரு வாசகி)

பூனையை முதலில் கவனியுங்கள். ஜேட் இலை பூனைக்கும் நாய்க்கும் ஆகாது. கடித்துத் தின்றால் வாந்தி எடுக்கும், சோர்ந்து படுத்துவிடும். அப்படி ஏதாவது தெரிந்தால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள், ஒரு இலையையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள். உயரமான அலமாரியில் வைத்தாலும் பூனை ஏறிவிடும். அதனால் தொட்டியை பூனை போகாத வாசல் பக்கத்துக்கு மாற்றிவிடுவதுதான் நல்லது.

பஞ்சு என்று நீங்கள் சொல்வது மாவுப்பூச்சி. காது குடையும் பஞ்சுக்குச்சியை மருந்துக்கடை ஆல்கஹாலில் நனைத்து, ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்கள். இலை தண்டோடு சேரும் இடுக்கில்தான் ஒளிந்திருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். நான்கு நாளைக்கு ஒருமுறை, மூன்று வாரம் செய்யவேண்டும். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரைத் தெளிக்காதீர்கள். இலைமேல் இருக்கும் சாம்பல் பூச்சு போய்விடும், அப்புறம் அந்த இலைக்கு அது திரும்ப வராது.