கம்யூனிட்டி காலேஜில் நாடகம் சொல்லித்தருவது: ஃப்ரீமாண்ட் அம்மா ஒருவருக்குப் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் மகள், பள்ளியோடு சேர்த்துப் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில், அதாவது இரண்டு வருட அரசுக் கல்லூரியில், ஒரு நடிப்பு வகுப்பும் எடுத்திருக்கிறாள். இப்போது அந்த ஆசிரியை மாதிரியே தானும் ஆகப்போவதாகச் சொல்கிறாள். "இது ஒரு வேலையா, பொழுதுபோக்கா? அதுவும் இரண்டு வருடக் கல்லூரியிலா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேலைதான், நல்ல வேலை. ஆனால் ஒரே பெயரில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று முழுநேரம், இன்னொன்று பகுதிநேரம். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவிக்கு வித்தியாசம் தெரியாது. வீட்டு வாடகை கட்டும்போதுதான் தெரியும். நீங்கள் கவலைப்பட வேண்டியது நாடகத்தைப் பற்றி அல்ல, இதைப் பற்றித்தான்.

முதலில் படிப்பு. கலிஃபோர்னியாவின் 116 கம்யூனிட்டி கல்லூரிகளுக்கும் குறைந்தபட்சத் தகுதி ஒன்றே: நாடகத்தில் எம்.ஏ. அல்லது எம்.எஃப்.ஏ. (நுண்கலை முதுகலைப் பட்டம்). நாடகத்தில் பி.ஏ.வும் ஆங்கிலம், இலக்கியம் போன்றவற்றில் எம்.ஏ.வும் இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். பி.எச்டி. கேட்பதில்லை. பள்ளி ஆசிரியர்களுக்கு வேண்டிய கிரெடென்ஷியல் என்ற உரிமமும் வேண்டாம். ஆனால் முழுநேர இடத்துக்கு விளம்பரம் வந்தால், எம்.எஃப்.ஏ. முடித்து, மேடையிலும் வேலை பார்த்தவர்கள் வரிசையில் நிற்பார்கள். நேர்முகத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் பாடம் நடத்திக் காட்டச் சொல்வார்கள். நன்றாக நடிப்பவர்கள் பலர் அங்கேதான் தடுமாறுகிறார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்: எம்.எஃப்.ஏ.வுக்காகக் கடன் வாங்க விடாதீர்கள். அது பெரும்பாலும் மூன்று வருடப் படிப்பு. கடனோடு வெளியே வருபவருக்குப் பகுதிநேரச் சம்பளம் வட்டிக்கே போய்விடும். யேல் பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி, இசை, திரைப்படத் தயாரிப்பாளர் டேவிட் கெஃபன் 2021-இல் கொடுத்த 15 கோடி டாலரால் கல்விக் கட்டணமே இல்லாத பள்ளியாகிவிட்டது. அங்கே இடம் கிடைப்பது மிகவும் கடினம். ஆனால் இளநிலை மாணவர்களுக்குப் பாடம் எடுக்கவைத்து, அதற்குப் பதிலாகக் கட்டணத்தைக் குறைக்கும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. பாடம் எடுத்த அனுபவமும் சேரும். அப்படி ஓர் இடம் கிடைக்கும்வரை இரண்டு வருடம் காத்திருந்தாலும் நஷ்டமில்லை.

பி.ஏ.வுக்கும் இதே கணக்குத்தான். கம்யூனிட்டி காலேஜில் ஒரு யூனிட் 46 டாலர். இரண்டு வருடம் இங்கே படித்துவிட்டு நான்கு வருடப் பல்கலைக்கழகத்துக்கு மாற உதவும் டிரான்ஸ்ஃபர் பட்டம் நாடகத்துக்கென்றே இருக்கிறது. அதை முடித்தால் கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி வளாகங்களில் ஏதோ ஒன்றில் இடம் உறுதி, நாம் விரும்பும் வளாகம்தான் உறுதியில்லை. இரண்டு வருடக் கல்லூரி என்று தாழ்வாக நினைக்காதீர்கள். உங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், ஹேவர்டில் இருக்கும் ஷபோ கல்லூரி என்ற கம்யூனிட்டி காலேஜில்தான் ஹாலிவுட் நடிகர் டாம் ஹாங்க்ஸ் படித்தார். பள்ளியில் சுமாரான மாணவர்தான். ஷபோவில் நாடகங்களைப் படித்து, பிறகு அவற்றை மேடையில் போய்ப் பார்க்கவைத்த வகுப்பைப் பற்றி 2015-இல் நியூயார்க் டைம்ஸில் நன்றியோடு எழுதினார். உங்கள் மகள் நடத்த ஆசைப்படுவது அந்த மாதிரி வகுப்பைத்தான்.

சரி, பகுதிநேர விஷயத்துக்கு வருவோம். ஒரு கல்லூரி டிஸ்டிரிக்டில் (ஒரு வட்டாரத்தின் கம்யூனிட்டி கல்லூரிகளை நடத்தும் நிர்வாகம்) பகுதிநேர ஆசிரியர் முழுநேர வேலையில் 67 சதவீதத்துக்கு மேல் எடுக்கச் சட்டம் அனுமதிக்காது. அதனால் காலையில் ஹேவர்ட், மதியம் ஃப்ரீமாண்ட், சாயங்காலம் சான் ஹோசே என்று 880 சாலையிலேயே பாதி நாள் ஓடும். இப்படி ஓடுபவர்களுக்கு 'ஃப்ரீவே ஃப்ளையர்' என்றே பெயர். மாணவர் குறைந்தால் வகுப்பு ரத்து, ரத்தானால் சம்பளமும் இல்லை. கொஞ்சம் நல்லதும் நடந்திருக்கிறது. 1989-இல் வந்த ஒரு நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, செமஸ்டர்களுக்கு இடையில் வேலையில்லாக் காலத்து உதவித்தொகை கேட்க வழி உண்டு. 2022-இல் பகுதிநேர ஆசிரியர்களின் மருத்துவக் காப்பீட்டுக்கென்று மாநில பட்ஜெட்டில் ஆண்டுக்கு 20 கோடி டாலர் ஒதுக்கினார்கள். ஆனால் அதில் அந்தந்த டிஸ்டிரிக்ட் சேர்ந்தால்தான் பலன். எனவே எங்கே விண்ணப்பித்தாலும் இதை முதலில் விசாரிக்க வேண்டும்.

முழுநேரமாகிவிட்டால் நிலைமையே வேறு. நான்கு வருடத் தகுதிகாண் காலம், அப்புறம் நிரந்தரம். மாநில ஆசிரியர் ஓய்வூதியம் உண்டு. சம்பள அட்டவணையை டிஸ்டிரிக்டுகள் தங்கள் வலைத்தளத்திலேயே போட்டிருக்கின்றன. யாரோ சொன்ன தொகையை நம்பாமல் இன்றிரவே நீங்களும் உங்கள் கணவரும் அதைத் திறந்து பாருங்கள்.

அந்த முழுநேர ஆசிரியர் செய்வது என்ன? பல கல்லூரிகளில் நாடகத்துக்கு ஒருவர், மிஞ்சினால் இரண்டு பேர்தான். காலையில் நாடக ரசனை வகுப்பு. பட்டத்துக்குத் தேவையான பொதுப்பாடம் என்பதால் நர்சிங் படிப்பவர், கணக்கு படிப்பவர் எல்லாரும் வருவார்கள். துறையைத் தாங்கி நிற்பதே இந்த வகுப்புதான், எனவே அதை விருப்பத்தோடு நடத்தத் தெரிய வேண்டும். பிறகு நடிப்பு வகுப்பு. சாயங்காலம் ஒத்திகை, முடிய இரவு பத்தாகும். பதினான்கு பேர் நடிகர் தேர்வுக்கு வந்தால் பத்துப் பேர் பெண்கள், ஒருவருக்கு இரவு ஷிஃப்ட், ஒருவர் ராணுவத்திலிருந்து திரும்பியவர், ஒருவர் ஓய்வுபெற்ற பாட்டி. இவர்களுக்கு ஏற்ற நாடகத்தைத் தேடுவதிலிருந்து வேலை தொடங்குகிறது. வாயே திறக்காத பையன் எட்டாவது வாரம் கடைசி வரிசைவரை கேட்கப் பேசுவான். அதைப் பார்த்தவர்களால் இந்த வேலையை விட முடிவதில்லை. உங்கள் மகளும் அதைத்தான் பார்த்திருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

அதனால் அவளிடம் நான் கேட்டுக்கொள்வது, நடிப்போடு நிறுத்தாதே என்பதுதான். விளக்கு, அரங்க அமைப்பு, உடை, இதில் ஒன்றைக் கையால் செய்யக் கற்றுக்கொள்ளட்டும். ஒருவரை மட்டுமே எடுக்க முடிந்த கல்லூரி, இயக்கவும் விளக்குப் பலகையைச் சரிசெய்யவும் தெரிந்தவரைத்தான் எடுக்கும். வேலை கிடைக்காத வருடங்களிலும் மேடைத் தொழில்நுட்பம் சோறு போடும்.

இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. முன்பெல்லாம் இங்கே பள்ளியில் நாடகம் நடத்த ஆங்கில ஆசிரியர் உரிமம் வாங்க வேண்டியிருந்தது. 2016-இல் வந்த சட்டம் நாடகத்துக்குத் தனி உரிமத்தைக் கொண்டுவந்தது. 2022-இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 28-ஆம் முன்மொழிவு, பொதுப்பள்ளிகளின் கலைக் கல்விக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்குகிறது, அதில் பெரும்பகுதி ஆசிரியர்களை நியமிக்கத்தான். எனவே பி.ஏ. முடித்ததும் உரிமம் வாங்கிக்கொண்டு உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, சம்பளம் வாங்கிக்கொண்டே மேற்படிப்புக்குத் தயாராகலாம். என் வீட்டுப் பெண்ணாக இருந்தால் இந்த வழியைத்தான் முதலில் காட்டுவேன்.

இப்போதைக்கு இரண்டு வேலை இருக்கிறது. வரும் கோடையில் அவள் மேடைத் தொழில்நுட்ப வகுப்பு ஒன்றில் சேரட்டும். அப்புறம், அந்தக் கல்லூரி இந்த செமஸ்டரில் போடும் நாடகத்துக்கு நீங்கள் மூவரும் சேர்ந்து போய் வாருங்கள். முடிந்ததும் அந்த ஆசிரியையைப் பார்த்து, அவர் முழுநேரமா, அதற்கு முன் எத்தனை வருடம் பகுதிநேரம் ஓடினார், எம்.எஃப்.ஏ.வுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று மகளையே கேட்கச் சொல்லுங்கள். அவர் சொன்னதை எனக்கு எழுதுங்கள், அதை வைத்து அடுத்த ஐந்து வருடத்துக்கு ஒரு திட்டம் போட்டுத் தருகிறேன்.