கார் இல்லாமல் ஹேட்ரியன் சுவர்: ஒரே நாள் போதுமா?
வணக்கம். வட இங்கிலாந்தில் ரோமானியர்கள் கட்டிய ஹேட்ரியன் சுவரைப் பார்க்க நியூகாசிலில் தங்குகிறீர்கள், கார் இல்லை, அங்குள்ள ரோமானியக் கோட்டைகளில் ஒரே நாளில் விண்டோலாண்டாவா ஹவுஸ்ஸ்டெட்ஸா என்று கேட்டிருந்தீர்கள். நான் விண்டோலாண்டா என்றே சொல்வேன். ரயிலில் ஹெக்ஸம் போய், ஏடி122 பஸ் பிடியுங்கள். சுவர் வேலை தொடங்கிய கி.பி. 122-தான் அந்த எண். பருவத்துக்குப் பருவம் பஸ் நேரம் மாறும், முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்டோலாண்டாவில் ஈர மண்ணில் கிடைத்த, ரோமானியர் கால எழுத்துகள் உள்ள மரப் பலகைகள் தபால் அட்டை அளவுதான், மெல்லிய சீவல்கள். அவற்றில் ஒன்றில், சுவருக்கும் முன்பே, கிளாடியா செவேரா என்ற பெண் தன் பிறந்தநாளுக்குத் தோழி லெபிடினாவை அழைக்கிறாள். கடைசி வரிகள் மட்டும் அவள் கைப்பட எழுதியவை! இந்தப் பலகைகளில் பெரும்பாலானவை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. சில விண்டோலாண்டாவிலேயே உண்டு. நேரம் மிஞ்சினால், அப்புறம் ஹவுஸ்ஸ்டெட்ஸ் போங்கள். படைவீரர்களின் கழிப்பறைக் கால்வாயைத் தவறவிடாதீர்கள்.