தாத்தா பொய் சொல்லவில்லை

கேள்வி: போன வருடம் சேலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பழம்பொருள் மதிப்பீட்டு முகாம் நடந்தது. தோழிகளோடு போயிருந்தேன். ஒருத்தியின் சுவர்க்கடிகாரத்துக்கு அறுபதாயிரம் சொன்னார்கள். நான் கொண்டுபோனது, தாத்தா காலத்திலிருந்து பூஜையில் இருக்கும் ராமர் பட்டாபிஷேகக் காசு. 1818 என்று போட்டிருக்கும். மதிப்பீட்டாளர் பார்த்தவுடன் ‘டூப்ளிகேட்’ என்று தள்ளிவிட்டார். தோழிகள் சிரித்துவிட்டார்கள். எனக்கு அழுகையே வந்தது. இப்போது ஏற்காட்டில் அதே மாதிரி முகாமாம். கார் பேசியாகிவிட்டது, மாமியார் கொடுத்த தஞ்சாவூர் கிருஷ்ணர் படத்தை எடுத்து வா என்கிறார்கள். போகட்டுமா, வேண்டாமா?
- அம்மாபேட்டை வாசகி, சேலம்

பதில்: அன்புச் சகோதரி, போய் வாருங்கள். படம் மட்டும் வீட்டிலேயே இருக்கட்டும். ஏன் என்று சொல்வதற்கு முன், அந்தக் காசைப் பற்றிப் பேசவேண்டும். கடிதம் முழுக்க உங்கள் மனசு அங்கேதான் இருக்கிறது.

ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர், 1818. இந்தக் காசு எத்தனையோ வீட்டுப் பூஜையறைகளில் இருக்கிறது. சாமி உருவம் போட்ட வராகன் என்ற பொற்காசுகளைக் கம்பெனி சென்னையில் அடித்தது உண்மைதான். ஆனால் பட்டாபிஷேகம் போட்ட அணாக் காசை அது அடித்ததே இல்லை. இவை பூஜைக்கென்று பிற்பாடு தனியார் அடித்தவை. நாணயம் சேர்ப்பவர்கள் ‘கோயில் டோக்கன்’ என்பார்கள். உங்கள் தாத்தா அதைச் செலாவணிக் காசாகவா வைத்திருந்தார்? சந்தனம், குங்குமம் வைத்துச் சாமியாகத்தானே கும்பிட்டார்? அப்புறம் எப்படி அது போலியாகும்? ‘அம்மா, இது நாணயம் இல்லை, பூஜைக் காசு’ என்று அந்த மனிதர் ஒரு வரி சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது அவர் தப்பு. ஒரு எச்சரிக்கை: ‘இந்த மாதிரிக் காசு அரிசியை இழுக்கும், கோடிக்குப் போகும்’ என்று ரைஸ் புல்லிங் கும்பல் வந்தால், வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கடிகாரத்துக்குச் சொன்ன அறுபதாயிரத்தை நினைத்து ஏங்கவும் வேண்டாம். கடையில் எழுதி ஒட்டும் விலை வேறு, வியாபாரி கையில் எண்ணிக் கொடுக்கும் விலை வேறு. ‘இந்த விலைக்கு நீங்களே எடுத்துக்கொள்வீர்களா?’ என்று கேட்டால் அந்த வித்தியாசம் அங்கேயே தெரிந்துவிடும். பெட்டி, மெஷின், டயல் மூன்றும் ஒரே கடிகாரத்துடையதுதானா என்பதையும் உங்கள் தோழி கேட்கட்டும். ஒன்றின் பெட்டியில் இன்னொன்றின் மெஷினைப் பொருத்தி விற்பது இந்தத் தொழிலில் சகஜம்.

இப்போது படம். தஞ்சாவூர்ப் படம் பலகையில் துணி ஒட்டி, அதன்மேல் சுண்ணாம்புப் பொடியும் பசையும் குழைத்து மேடு எழுப்பி, தங்க ரேக்கு பதித்துச் செய்வது. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கினால் அந்த மேடு விரிசல் விடும். ஏற்காட்டு மூடுபனியின் ஈரமும் அதற்கு ஆகாது. எனவே போட்டோ போதும்: முன்பக்கம், நான்கு மூலைகள், கல் பதித்த இடம் நெருக்கத்தில், கட்டாயம் பின்பக்கம். பின்னால் தெரிவது பழைய பலாப்பலகையா, பிளைவுட்டா என்பதை வைத்தே மதிப்பீட்டாளர் பாதி விஷயம் சொல்லிவிடுவார். பளபளப்பாகத் தெரியட்டும் என்று ஈரத்துணியால் துடைத்துவிடாதீர்கள். பிரேமையும் மாற்றாதீர்கள்.

வெள்ளி ரூபாய் எடுத்து வரும் தோழிக்கும் இதைச் சொல்லுங்கள்: புளி, சபீனா எதுவும் கூடாது. 1911-இல் வந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில், அரசர் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று எதிர்ப்புக் கிளம்பி, காசையே திரும்பப் பெற்றார்கள். அடுத்த வருடம் யானையைத் திருத்தி அடித்தார்கள். அவ்வளவு சின்ன யானையின் தும்பிக்கையில் இருக்கிறது ஒரு காசின் மதிப்பு. தேய்த்தால் முதலில் போவது அதுதான்.

படம் நூறு வருடத்துக்கு மேற்பட்டது என்று தெரியவந்தால், அது 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். வீட்டில் வைத்திருக்கலாம், ஆனால் பதிவு செய்யவேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. லைசென்ஸ் இல்லாதவர் இதை வியாபாரம் பண்ணவும் கூடாது. அங்கே யாராவது நோட்டுக்கட்டைக் காட்டி அவசரப்படுத்தினால் ‘வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்’ என்று நகர்ந்துவிடுங்கள். அன்றைக்கே எதையும் விற்கவேண்டாம்.

தோழிகளை நான் குறை சொல்லமாட்டேன். சிரித்தது யோசிக்காமல் சிரித்ததாக இருக்கும். ஆனால் உங்களுக்கு வலித்தது என்று அவர்களுக்குத் தெரியவேண்டும். கார் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள்: மேஜைக்கு அவரவர் பொருளோடு அவரவர் போவது, தொகையை வெளியில் சொல்வதும் சொல்லாததும் அவரவர் விருப்பம். கூட்டத்தில் பொருளைக் கண் பார்வையிலேயே வைத்திருக்கவும், சொன்னதைக் குறித்துக்கொள்ளவும் கூட ஆள் இருப்பது பெரிய உதவி. மற்றவர்கள் கொண்டுவருவதையும் நின்று பாருங்கள். 1820-களில் கலெக்டர் காக்பர்ன் காப்பிச் செடி கொண்டுவந்த மலை அது. எஸ்டேட் பங்களாச் சாமான்கள் வந்தால் பார்க்கக் கிடைப்பது அபூர்வம்.

இந்த வாரமே மாமியாரிடம் உட்கார்ந்து பேசி, படத்தை யார், எங்கே வாங்கினார்கள், எந்த வீட்டில் மாட்டியிருந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். மதிப்பீட்டாளர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.