பதினாறு வயதுத் தடுப்பாட்டக்காரரின் தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

புர்கினா ஃபாசோவின் தலைநகர் வாகடூகுவில் பள்ளியில் படித்துக்கொண்டே கால்பந்தில் சென்டர் பேக்காக (நடுத் தடுப்பாட்டக்காரராக) ஆடிவரும் உங்கள் மகனைப் போர்ச்சுகலில் ஒரு கிளப்பில் சேர்த்துவிடுவதாக ஒரு முகவர் சொல்வதாகவும், விசாவுக்கும் டிரையலுக்கும் (கிளப்பின் தேர்வு ஆட்டத்துக்கும்) அவர் கேட்கும் தொகைக்காக வீட்டுமனையை விற்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். விற்க வேண்டாம்.

18 வயது நிறையாத வீரரை வெளிநாட்டுக் கிளப்பில் பதிவு செய்யப் பொதுவாக உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் விதிகள் இடம் தருவதில்லை. கால்பந்துக்குத் தொடர்பில்லாத காரணத்தால் பெற்றோரே குடிபெயர்வது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அவை எதுவும் உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தவில்லை. ஆகவே இன்று உங்கள் மகன் லிஸ்பனில் போய் இறங்கினாலும் போட்டிகளில் ஆட முடியாது. இப்படி ஆசை காட்டி அழைத்துச் செல்லப்பட்டு, விசாக் காலம் முடிந்தபின் பணமும் இருப்பிடமும் இன்றி ஐரோப்பிய நகரங்களில் கைவிடப்பட்ட மேற்கு ஆப்பிரிக்கச் சிறுவர்களுக்கு உதவுவதற்காகவே, கேமரூனின் முன்னாள் வீரர் ஜான்-குளோட் ம்பூமான் பிரான்சில் ஓர் அமைப்பைத் தொடங்க நேர்ந்தது. முகவரிடம் ஃபிஃபா உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் சிறுவரை அவர் அணுகுவதே விதிமீறல். அவர் காட்டும் அழைப்புக் கடிதத்தின் நகலை அந்தக் கிளப்புக்கும் உங்கள் நாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் நேரடியாக அனுப்பி உறுதி செய்துகொள்ளுங்கள்.

காத்திருந்தால் வாய்ப்பு கைநழுவிவிடும் என்ற உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. உங்கள் நகரத்திலேயே 1999-இல் பிறந்த எட்மண்ட் டாப்சோபா, உள்ளூர் யு.எஸ். வாகடூகு கிளப்பில் ஆடி, போர்ச்சுகலின் லெய்ஷோயிஸ் வழியாக விட்டோரியா கிமராயிஸின் இரண்டாம் அணியில் பழகிய பிறகே முதல் அணிக்கு வந்தார்; 2020 ஜனவரியில் ஜெர்மனியின் பேயர் லெவர்குசன் கிளப் அவரை வாங்கியது; 2023-24 பருவத்தில் 34 லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் ஜெர்மன் பட்டம் வென்ற அணியின் தடுப்பு வரிசையில் அவர் இருந்தார். ஐவரி கோஸ்டின் கோலோ டூரே அபிஜானிலிருந்து 2002-இல் இங்கிலாந்தின் ஆர்சனல் கிளப்புக்குச் சென்றபோது அவருக்கு வயது 20. அவரை நிலையான சென்டர் பேக்காக மாற்றியதே அதற்குப் பின்னர்தான். முன்கள வீரரின் வேகம் பதினேழு வயதிலேயே கண்ணுக்குத் தெரிந்துவிடும். தடுப்பாட்டக்காரருக்கோ எதிராளி அடுத்து எங்கே ஓடுவான் என்று முன்கூட்டியே உணர்வதும், பக்கத்தில் நிற்பவரை இடம் மாறச் சொல்லி ஓயாமல் குரல் கொடுப்பதும்தான் தொழில். அது பல பருவங்கள் ஆடித்தான் கைவரும். குரல் கொடுக்க மொழியும் வேண்டும் என்பதால், பிரெஞ்சோடு போர்ச்சுகீசியமோ ஆங்கிலமோ இப்போதே கற்கத் தொடங்கட்டும்.

இந்த ஆண்டு செய்ய வேண்டியவை சிலவே. மகனை உள்ளூர்க் கிளப்பில் முறையாகப் பதிவு செய்யுங்கள். பின்னாளில் அவர் வெளிநாட்டுக் கிளப்புக்கு விற்கப்பட்டால், அவரை 12 முதல் 23 வயது வரை பயிற்றுவித்த கிளப்புகளுக்கு அத்தொகையில் 5 சதவீதம் பகிரப்படும் என்பதால், அவர் வளர்ச்சியில் அந்தக் கிளப்புக்கும் அக்கறை இருக்கும். ஒப்பந்தம் வந்தால், 18 வயதுக்கு முன் மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்டதில் கையெழுத்திடாதீர்கள். வயதைக் குறைத்துச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று எவரேனும் சொன்னால், அவரோடு பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பொய்யான பிறந்த தேதி பிடிபட்டால் மகனுக்குத் தடை விதிக்கப்படலாம். பள்ளி இறுதித் தேர்வான பாக்கலோரியாவை அவர் எழுதி முடிக்கட்டும். அதற்குள் அவருக்குப் பதினெட்டும் நிறைந்துவிடும். அப்போது வரும் அழைப்பை மீண்டும் எனக்கு அனுப்புங்கள், வரிவரியாகச் சேர்ந்து படிப்போம்.