14 லட்சம் போட்டால் வீட்டு விலை ஏறுமா?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் 1996-ல் கட்டிய வீடு எங்களுடையது. கீழ்த்தளம் மட்டும், 1,100 சதுர அடி. நானும் கணவரும்தான் இருக்கிறோம். மழை வந்தால் மாடித் தளம் ஒழுகுகிறது, சமையலறை பழசு, தரை மொசைக். டைல்ஸ், மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், குளியலறை, பெயின்ட் எல்லாம் சேர்த்து 14 லட்சம் ஆகும் என்கிறார் காண்ட்ராக்டர். ஐந்தாறு வருடத்தில் வீட்டை விற்றுவிட்டு ஓசூரில் இருக்கும் மகனோடு போய்விடலாம் என்றும் ஓர் எண்ணம். விற்கும்போது இந்தப் பணம் திரும்புமா?

பதில்: பெரும்பகுதி திரும்பாதும்மா. நம் ஊரில் தனி வீடு வாங்க வருகிறவர் மனைக்குத்தான் விலை பேசுகிறார். சதுர அடி என்ன விலை, தெரு எத்தனை அடி, எந்தத் திசை பார்த்தது, பத்திரம் சுத்தமா என்பதுதான் பேச்சு. 30 வருடக் கட்டடத்துக்கு ஏதோ ஒரு தொகையை மேலே போடுவார். இடித்துக் கட்டப்போகிறவர் அதையும் போடமாட்டார். நீங்கள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த கிச்சன் நிறம் அவர் வீட்டம்மாவுக்குப் பிடிக்காமலும் போகும்.

விற்பனையை மறந்துவிட்டு வேறு மாதிரி கணக்குப் போடுங்கள். 14 லட்சம் வங்கியில் 7 சதவீத வட்டியில் இருந்தால் வருடத்துக்கு 98,000, அதாவது மாதம் 8,000-க்குக் கொஞ்சம் மேல் வரும். அது போகிறது. முதலும் போகிறது, ஐந்து வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 23,000-க்கு மேல். இரண்டும் சேர்ந்தால் 31,000 ரூபாய். சொந்த வீட்டில் மாதம் 31,000 வாடகை கொடுத்துக் குடியிருப்பது மாதிரி. அந்த அளவுக்குச் சுகம் கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி. இருபது வருடம் இருக்கப்போகிறவருக்கு இதே செலவு நியாயமாகவே தெரியலாம்.

அதற்காக ஒன்றுமே செய்யாமல் விடவும் கூடாது. ஒழுகலைத் தள்ளிப்போட்டால் செலவு கூடிக்கொண்டே போகும். தளத்துக்குள் இறங்கும் தண்ணீர் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு ஊதினால் கான்கிரீட் பிளந்து சீலிங் பெயர்ந்து விழும். முதலில் ஒரு கட்டட இன்ஜினியரை, காண்ட்ராக்ட் வேலை எடுக்காதவராகப் பார்த்து, கூலி கொடுத்துக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கட்டைக் கைப்பிடியால் சீலிங்கைத் தட்டிப் பார்த்தாலே உள்ளே பொள்ளலான சத்தம் எங்கே கேட்கிறது என்று உங்களுக்கும் தெரியும். கம்பி பல இடத்தில் போயிருந்தால் அழகு வேலை எதுவும் வேண்டாம். இந்த வீட்டுக்கு எத்தனை வருடம் பாக்கி என்று அவரிடமே கேளுங்கள்.

கம்பி நன்றாக இருந்தால் மாடியில் பழைய தட்டோட்டையும் செங்கல் ஜல்லி சுண்ணாம்பையும் எடுத்துவிட்டு, தண்ணீர் ஓடச் சரியான வாட்டம் கொடுத்துப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். மேலே வெள்ளை நிறக் குளிர் ஓடு பதித்தால் சேலத்து ஏப்ரல் மாதத்தில் படுக்கையறையிலேயே வித்தியாசம் தெரியும். என்னைக் கேட்டால் மொத்தப் பட்டியலிலும் போட்ட காசுக்குப் பலன் தருவது இதுதான்.

அடுத்தது உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்று: வயரிங். அந்தக் காலத்தில் ஏசி, ஹீட்டர், இன்டக்‌ஷன் அடுப்பை யாரும் நினைத்து வயர் போடவில்லை. எர்த்திங்கைச் சோதித்து, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்று கட்டாயம் வையுங்கள். போர் தண்ணீர் ஓடும் பழைய இரும்புக் குழாய் உள்ளே உப்பு படிந்து சுருங்கியிருக்கும். அதையும் இப்போதே மாற்றிவிடலாம். குளியலறையில் வழுக்காத தரை, பிடித்துக்கொள்ளக் கம்பி, உயரமான கமோட். வயதான இருவர் இருக்கும் வீட்டில் இதை வீண் என்று யார் சொல்வது?

ஃபால்ஸ் சீலிங்கைப் பட்டியலிலிருந்து இன்றைக்கே அடித்துவிடுங்கள். அறை உயரம் குறையும், ஒழுகலும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். மொசைக்கை மெஷின் வைத்து பாலிஷ் போட்டால் போதும். டைல்ஸ் செலவில் சிறு பங்குதான் ஆகும், அந்தத் தரை இன்னும் பல வருடம் உழைக்கும். சமையலறைக்குத் தெரிந்த ஆசாரியை வைத்து மேடைக்குக் கீழே கதவும் இரண்டு டிராயரும் போட்டுக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

பில் எல்லாவற்றையும் வாங்கி வையுங்கள். விற்கும்போது மூலதன ஆதாய வரி வரும். பில் இருக்கிற மேம்பாட்டுச் செலவை லாபத்திலிருந்து கழிக்கலாம்; பெயின்ட் மாதிரி சாதாரணப் பராமரிப்பு அதில் சேராது. 12.5 சதவீத விகிதத்தில் பார்த்தால் செலவில் எட்டில் ஒரு பங்குதான் வரியில் மிச்சமாகும். அதை நம்பிச் செலவு செய்யாதீர்கள். கடன் வாங்கிச் செய்தால், பழைய வரிமுறையில் இருப்பவருக்குப் பழுதுபார்ப்புக் கடன் வட்டியில் வருடம் 30,000 வரை கழிவு உண்டு. புதிய முறையில், குடியிருக்கும் வீட்டுக்கு அது இல்லை.

கேள்வி: சூரமங்கலத்தில் வீட்டு வேலைக்கு பாதிப் பணத்தை முன்னாலேயே கேட்கிறார் மேஸ்திரி. கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். பொருள் வாங்க ஒரு சிறு தொகை, அப்புறம் முடிந்த வேலையை அளந்து பணம். கடைசிப் பத்து சதவீதம் ஒரு மழை பார்த்த பிறகு. எந்த பிராண்ட் வயர், எந்தக் குழாய், பூச்சு எத்தனை மில்லிமீட்டர் என்பதைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். முகம் சுளிக்கிறவரை விட்டுவிடுங்கள், ஊரில் மேஸ்திரிக்குப் பஞ்சமில்லை. வேலை கெட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடத்துக்குள் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. ஆனால் கையில் ரசீது வேண்டும்.

கேள்வி: ஏற்காட்டில் தாத்தா விட்டுப்போன ஓட்டு வீட்டைக் கான்கிரீட்டாக்கி ஹோம்ஸ்டே நடத்தலாமா?

பதில்: ஓட்டை எடுக்க ஏன் அவசரம்? மங்களூர் ஓட்டில் உடைந்ததை மாற்றி, கரையான் அரித்த சட்டத்தையும் ரீப்பரையும் மாற்றினால் வீடு நிற்கும். தங்க வருகிறவர்களுக்கும் அதுதான் பிடிக்கிறது. கான்கிரீட் என்றால் சிமென்ட், கம்பி, ஜல்லி எல்லாம் 20 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். கீழே கொடுக்கிற விலையோடு வண்டிக்கூலியும் சேரும். மலைக்கு விதிகளும் தனி. கட்டடத்தின் உயரம், பரப்பைப் பொறுத்து ஹாக்கா என்கிற மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் வரை போக வேண்டியிருக்கும். எழுத்துப்பூர்வமான அனுமதி கைக்கு வரும்வரை யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஓட்டு வேலையை மட்டும் செய்வதானால், சுவர் ஓதம் காய்ந்திருக்கும் பிப்ரவரி, மார்ச்சில் ஆளை ஏற்றுங்கள்.